நீரிழிவில் ‘இழிவு’ எங்கிருந்து வந்தது?

நீரிழிவு என்ற சொல்லை நிறையப் பேர் ‘நீரழிவு’ என்று எழுதுகிறார்கள். எழுத்துப் பிழைதான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. இழிவு என்றால் இன்று நமக்குக் கேவலம், தாழ்வு என்றுதான் தோன்றும். தண்ணீருக்கும் கேவலத்துக்கும் என்ன சம்பந்தம்? அழிவு என்றாலாவது ஏதோ ஒன்று அழிந்துபோவதாக வைத்துக்கொள்ளலாம். பொருள் புரியாத இடத்தில் மனம் தனக்குத் தெரிந்த சொல்லைக் கொண்டுவந்து பொருத்திவிடுகிறது.

இழிதல் என்ற வினைக்கு முதல் பொருள் இறங்குதல், கீழ்நோக்கிப் பாய்தல். மலையிலிருந்து விழுகிற அருவியைத் திருமுருகாற்றுப்படை ‘இழுமென இழிதரும் அருவி’ என்கிறது. அங்கே கேவலம் எதுவும் இல்லை, ஓசையோடு இறங்குகிற தண்ணீர் மட்டும்தான். உயரத்திலிருந்து இறங்குவது, மதிப்பிலிருந்து இறங்குவதாக அப்புறம் மாறியது. இரண்டு பொருளும் ஒரே குறளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன: ‘தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை.’ தலையிலிருந்து மயிர் இழிவது வெறும் விழுதல். நிலையிலிருந்து மனிதன் இழிவது மானக்கேடு. பிற்காலத் தமிழ் இந்த இரண்டாவது பொருளை மட்டும் வைத்துக்கொண்டு முதல் பொருளை ஏறக்குறைய விட்டுவிட்டது. நோயின் பெயரில் மட்டும் அந்தப் பழைய பொருள் தங்கிப்போனது.

ஆக நீரிழிவு என்றால் நீர் இறங்கி ஓடுவது. உடம்பில் நிற்காமல் சிறுநீராக ஓடிக்கொண்டே இருக்கும் நிலை. கவனியுங்கள், இந்தப் பெயரில் சர்க்கரை பற்றிப் பேச்சே இல்லை.

டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லிலும் இல்லை.

கிரேக்கத்தில் ‘டயா’ என்றால் ஊடாக, ‘பைனைன்’ என்றால் போதல். ஊடாகப் போவது, கடந்து செல்வது என்று பொருள் வரும். அதே சொல் ஒரு கருவிக்கும் பெயராக இருந்தது. பீப்பாயிலிருந்து திரவத்தை வெளியே எடுக்க ஒரு வளைந்த குழாயைச் செருகி, ஒரு முறை உறிஞ்சி விட்டால் போதும், பிறகு தானாகவே ஊற்றிக்கொண்டிருக்குமே, அந்த சைஃபன் குழாய்தான் அது. கப்படோசியா என்ற ஊர்ப்பகுதியைச் சேர்ந்த (இன்றைய துருக்கியில் இருக்கிறது) அரட்டேயஸ் என்ற மருத்துவர், சுமார் 2ஆம் நூற்றாண்டில், இந்த நோயை விரிவாக எழுதிவைத்தார். குடிக்கிற நீர் உடம்பில் தங்குவதில்லை, உடம்பை வெளியேறும் வழியாக மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது, அதனால்தான் இந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது அவர் விளக்கம். பெயரை அவர் உண்டாக்கவில்லை. அவருக்கு முன்பே வழக்கில் இருந்ததைத்தான் எடுத்து விளக்கினார்.

அவர் எழுதியதைப் படித்தால் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவர் என்று தெரியும். சதையும் கை கால்களும் கரைந்து சிறுநீராகப் போகின்றன என்கிறார். மதகைத் திறந்துவிட்டதுபோல் ஓட்டம் நிற்பதில்லை, தாகம் அடங்குவதில்லை, குடிப்பதைவிட அதிகமாகவே வெளியேறுகிறது, ஆயுள் குறைவு, இருக்கிற நாளும் வேதனை. இன்சுலின் அறவே சுரக்காத ஒருவருக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இன்று ஒரு மருத்துவ மாணவர் எழுத வேண்டியிருந்தால், இதோடு சேர்க்க அதிகம் இருக்காது.

ஆனால் ஒன்று. அரட்டேயஸ் இதை அரிய நோய் என்கிறார். அதே காலத்துப் பெரிய மருத்துவரான கேலன், தன் அனுபவத்தில் இரண்டே இரண்டு பேரிடம்தான் பார்த்ததாகச் சொல்கிறார். இன்று தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கும் நோய் அன்று இவ்வளவு அரிதாகவா இருந்தது? உணவும் உடலுழைப்பும் வேறாக இருந்தது ஒரு காரணம். மனிதர்கள் வாழ்ந்த வயது இன்னொன்று. மூன்றாவது காரணம் பெயரிலேயே இருக்கிறது. அவர்கள் ஓட்டத்தைப் பார்த்துத்தான் நோயை அடையாளம் கண்டார்கள். ஓட்டம் வராத நோயாளி அவர்கள் கணக்கில் நோயாளியே இல்லை.

ஓட்டம் ஏன் வருகிறது?

இதைப் புரிந்துகொள்ளச் சிறுநீரகத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. நாம் கழிப்பது ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர். மீதி எங்கே போகிறது? வடிகட்டிய உடனேயே நுண்ணிய குழாய்கள் வழியாகத் திரும்ப ரத்தத்துக்கே வந்துவிடுகிறது. உடம்புக்கு வேண்டியது, வேண்டாதது எல்லாவற்றையும் முதலில் வெளியே தள்ளிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் சிறுநீரகத்தின் வேலைமுறை.

திரும்ப எடுத்துக்கொள்ளப்படுவதில் குளுக்கோஸும் உண்டு. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது லிட்டருக்கு ஒரு கிராம். 180 லிட்டர் வடிந்தால் 180 கிராம் குளுக்கோஸ் வடிகிறது. ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரகம் அதைக் கிட்டத்தட்ட ஒரு துளி விடாமல் திரும்ப எடுத்துவிடுகிறது. அதனால் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை ‘இல்லை’ என்றுதான் வரும்.

இந்தத் திரும்ப எடுக்கும் வேலைக்கு ஒரு எல்லை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டும்போது அந்த எல்லை வந்துவிடுகிறது. ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது கொஞ்சம் மாறும். அதற்கு மேல் வடியும் குளுக்கோஸைப் பிடித்துவைக்க ஆள் போதவில்லை, குழாயிலேயே தங்கிவிடுகிறது. தங்கிய சர்க்கரை சும்மா இருப்பதில்லை, தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்துக்குத் திரும்ப வேண்டிய தண்ணீர் சர்க்கரையோடு சேர்ந்து வெளியேறுகிறது. சிறுநீர் பெருகுகிறது. உடம்பு வறள்கிறது. தாகம் எடுக்கிறது. குடிக்கிறோம். குடித்ததும் அதே வழியில் போய்விடுகிறது. அரட்டேயஸ் பார்த்த சைஃபன் இதுதான்.

நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பது இந்த இடத்தைத்தான். ‘தண்ணீர் அதிகம் குடிக்கிறார், அதனால் அடிக்கடி போகிறார்’ என்பார்கள். முதலில் போவதுதான் அதிகமாகிறது. குடிப்பது அதைத் துரத்திக்கொண்டு வருகிறது. அதனால் இவருக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது ஆபத்து. சர்க்கரை குறையாமல் ஓட்டம் நிற்காது, தண்ணீரைக் குறைத்தால் வறட்சிதான் மிஞ்சும்.

இப்போது எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்பது இன்றைய வரையறை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை சோதித்து உறுதிசெய்துகொள்வார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் 6.5 சதவீதம். சிறுநீரில் சர்க்கரை கசியத் தொடங்குவதோ 180 வாக்கில். இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. வெறும் வயிற்றில் 140, சாப்பிட்ட பின் சற்று நேரம் மட்டும் 200ஐ எட்டிப்பார்க்கும் ஒருவருக்கு நோய் இருக்கிறது, ஆனால் அவருக்குத் தாகம் எடுக்காது, இரவில் நான்கு முறை எழுந்திருக்க மாட்டார், எடை குறையாது. பல வருடம் அப்படியே ஓடலாம். கண்ணின் விழித்திரையிலும் பாத நரம்புகளிலும் சேதம் அந்த அமைதியான வருடங்களிலேயே ஆரம்பித்துவிடக்கூடும்.

நோயின் இத்தனை பெயர்களில் ஒன்றுகூட இந்த அமைதியான கட்டத்தைச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. பெயர் வைத்தவர்கள் மேல் தப்பில்லை. அவர்களிடம் ரத்தத்தை அளக்கக் கருவி இல்லை, கண்ணுக்குத் தெரிந்ததற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் ‘எனக்குத்தான் அடிக்கடி போகவே இல்லையே, எனக்கு எப்படி சுகர் இருக்கும்?’ என்று கேட்பவர், தன்னை அறியாமல் அந்த 2ஆம் நூற்றாண்டு வரையறையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

குழந்தைகள் விஷயம் வேறு. டைப் 1 நீரிழிவு (இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோகும் வகை) வரும் குழந்தைக்குச் சில வாரங்களிலேயே ஓட்டம் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். படுக்கையை நனைப்பதை எப்போதோ விட்டுவிட்ட குழந்தை மறுபடி நனைக்க ஆரம்பித்து, கூடவே தாகமும் எடை இழப்பும் இருந்தால், அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்த்துவிட வேண்டும். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது. பழைய பெயர் இன்றும் சரியாகப் பொருந்துவது இந்தக் குழந்தைகளுக்குத்தான்.

தேன் எப்படி வந்தது?

இந்தியாவில் பெயர் வைத்தவர்கள் இன்னொரு பக்கத்தைப் பார்த்தார்கள். மதுமேகம் என்ற பெயரில் மது என்றால் தேன். மேகம் என்பதை வானத்து மேகமாக எண்ணிக் குழம்ப வேண்டாம். ‘மேஹ’ என்ற வடமொழிச் சொல்லுக்குச் சிறுநீர் கழிதல் என்று பொருள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. தேன் போன்ற சிறுநீர், அவ்வளவுதான். (பால்வினை நோய்களுக்கும் பழைய தமிழ் மருத்துவத்தில் மேகநோய் என்ற பெயர் உண்டு. அதனால் பழைய சுவடியில் மேகம் என்று கண்டதும் நீரிழிவு என்று முடிவுகட்ட முடியாது.)

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை சிறுநீர் சம்பந்தப்பட்ட நோய்களை இருபதாகப் பிரித்து, மதுமேகத்தை அவற்றில் ஒன்றாக வைக்கிறது. நோய் வருவதற்கான முன்னறிகுறிகளில் ஒன்றாக, நோயாளியின் உடம்பையும் சிறுநீரையும் எறும்பும் வண்டும் தேடி வருவதைச் சொல்கிறது. எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் இதைவிட நல்ல சர்க்கரைப் பரிசோதனை என்ன இருக்க முடியும்? எறும்புக்குப் பாடம் தெரியாது, ஆனால் சர்க்கரை தெரியும். இன்னொரு ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை இன்னும் ஒரு படி போய், பிறவியிலேயே வருவது, தவறான உணவாலும் பழக்கத்தாலும் வருவது என்று இரண்டு வகை பிரிக்கிறது. முதல் வகையினர் மெலிந்தவர்கள், இரண்டாம் வகையினர் பருத்தவர்கள் என்றும் சொல்கிறது. இன்றைய டைப் 1, டைப் 2 பிரிவினையோடு இதை அப்படியே ஒட்டவைப்பது அவசரம். காரணம் பற்றிய அவர்கள் கோட்பாடு முற்றிலும் வேறு. ஆனால் நோயாளிகளைப் பார்த்த கண் கூர்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஐரோப்பாவில் இனிப்பு பற்றிய பேச்சு 17ஆம் நூற்றாண்டில்தான் சூடுபிடித்தது. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் நோயாளியின் சிறுநீரைச் சுவைத்துப் பார்த்து, தேனோ சர்க்கரையோ கலந்ததுபோல் இனிக்கிறது என்று எழுதினார். அவருடைய நூல் 1674இல் வந்தது. சுவைத்துப் பார்த்தாரா என்று முகம் சுளிக்க வேண்டாம். சிறுநீரின் நிறம், வாடை, சுவை எல்லாவற்றையும் ஆராய்வது அன்றைய மருத்துவரின் அன்றாட வேலை. அவர் தவறவிட்டது வேறு: இனிப்பை உணர்ந்தும், அது சர்க்கரைதான் என்று அவர் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் லிவர்பூலில் இருந்த மேத்யூ டாப்ஸன். அவரிடம் வந்த ஒரு நோயாளி, 33 வயதுக்காரர், ஒரு நாளைக்கு 28 பைன்ட் சிறுநீர் கழித்தார். இன்றைய அளவில் 13 லிட்டருக்குக் குறையாது. டாப்ஸன் அந்தச் சிறுநீரை எடுத்து மெல்லச் சூடாக்கி, நீர் முழுதும் ஆவியாகும்வரை வற்றவைத்தார். அடியில் வெள்ளை நிறத்தில் ஒரு கட்டி மிஞ்சியது. விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வாடை பழுப்புச் சர்க்கரையின் வாடை. நாக்கில் வைத்தால் சர்க்கரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதோடு விடாமல், நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிந்த நீரையும் சுவைத்துப் பார்த்தார். அதுவும் லேசாக இனித்தது.

1776இல் அவர் வெளியிட்ட இந்தக் கடைசிக் கவனிப்புதான் பெரிய விஷயம். அதுவரை பெரும்பாலோர் இது சிறுநீரகத்தின் நோய் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டம் அங்கேதானே தெரிகிறது! ரத்தமே இனிக்கிறது என்றால் சர்க்கரை சிறுநீரகத்தில் உண்டாகவில்லை, சிறுநீரகத்துக்கு அது வந்து சேர்கிறது. அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. 1815இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், அந்தச் சர்க்கரை திராட்சையில் இருக்கும் அதே வகை, அதாவது குளுக்கோஸ் என்று காட்டினார்.

18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் டயாபடீஸுக்குப் பின்னால் ஒரு வால் முளைத்தது. ‘மெல்லிட்டஸ்’, லத்தீனில் தேன் போல் இனிப்பது. ஏறக்குறைய மதுமேகம் சொன்னதையேதான் லத்தீனும் தன் வழியில் சொன்னது. மருத்துவச் சான்றிதழில் ‘டி.எம்.’ என்று எழுதுகிறார்களே, அதில் ‘எம்’ இந்த மெல்லிட்டஸ்தான்.

இனிக்காத நீரிழிவு

வால் ஏன் தேவைப்பட்டது? சுவைத்துப் பார்க்க ஆரம்பித்ததும், சிலருடைய சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போனாலும் இனிக்கவே இல்லை என்பது தெரிந்தது. அவர்களுக்கு ‘இன்ஸிபிடஸ்’ என்று பெயர் வைத்தார்கள். சுவையற்றது, சப்பென்று இருப்பது என்று பொருள். உலகத்தில் நோய்ப் பெயராக ‘சப்’ என்று சொல்லும் வார்த்தை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை!

இந்த இனிக்காத நீரிழிவுக்கும் சர்க்கரைக்கும் துளிகூடச் சம்பந்தம் இல்லை. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் வாஸோப்ரெஸின் என்ற ஹார்மோன் உண்டாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் சேமிக்கப்பட்டு, தேவைக்கேற்ப ரத்தத்தில் கலக்கிறது. ‘தண்ணீரைத் திரும்ப எடு’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதுதான். அந்த ஹார்மோன் போதாமல் போனாலோ, அது சொல்வதைச் சிறுநீரகம் கேட்காமல் போனாலோ தண்ணீர் தங்காது. 1913இலேயே பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாற்றை ஊசியாகப் போட்டால் ஓட்டம் குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று அதன் செயற்கை வடிவமான டெஸ்மோப்ரெஸின் மாத்திரையாகவும் மூக்கில் அடிக்கும் மருந்தாகவும் கிடைக்கிறது.

ஓட்டம் என்ற ஒரே அறிகுறியை வைத்து இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே பெயர் வைத்ததன் விலை என்ன தெரியுமா? இன்ஸிபிடஸ் உள்ளவர் வேறு ஏதோ அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்கிறார். குறிப்பேட்டில் ‘டயாபடீஸ்’ என்று இருக்கிறது. பணியில் இருப்பவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், சரியாக இருக்கிறது, அப்பாடா என்று போய்விடுகிறார். டெஸ்மோப்ரெஸின் கொடுக்காமல் விடுபடுகிறது. நோயாளி தண்ணீர் தண்ணீர் என்று கேட்பதைப் பதற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தத்தில் சோடியம் ஏறுகிறது. இப்படி உயிர் போயிருக்கிறது. 2022இல் பல நாட்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவ அமைப்புகள் சேர்ந்து, இந்த நோயின் பெயரிலிருந்து டயாபடீஸ் என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘ஆர்ஜினின் வாஸோப்ரெஸின் குறைபாடு’, ‘ஆர்ஜினின் வாஸோப்ரெஸின் எதிர்ப்பு’ என்று மாற்றச் சொன்னதற்கு இதுவே முக்கியக் காரணம். வாயில் நுழையாத பெயர்கள்தான். இருந்தாலும் நல்ல மாற்றம் என்பேன். யாராவது வீட்டில் இந்த நோயோடு இருந்தால், மருத்துவமனைச் சீட்டில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

தீவிலிருந்து வந்த மருந்து

ரத்தம் ஏன் இனிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் கணையத்தில் இருந்தது. பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் 1869இல் தன் ஆய்வேட்டுக்காகக் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். செரிமான நீர் சுரக்கும் திசுவுக்கு நடுவே, வேறு மாதிரியான செல்கள் சிறு சிறு கூட்டமாகத் திட்டுத்திட்டாகக் கிடந்தன. அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை, தெரியாது என்றே எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. 1889இல் ஃபான் மெரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர், கொழுப்புச் செரிமானம் பற்றிய ஆய்வுக்காக ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கப் பழகியிருந்த நாய், வீட்டுக்குள்ளேயே ஓயாமல் கழிக்க ஆரம்பித்தது. சோதித்தால் சர்க்கரை. தேடிப்போனது கொழுப்பை, கிடைத்தது நீரிழிவின் இருப்பிடம்.

அந்தச் செல்கூட்டங்களுக்கு 1893இல் பிரெஞ்சுக்காரர் லாகேஸ் ‘லாங்கர்ஹான்ஸ் தீவுகள்’ என்று பெயர் சூட்டினார். தீவுக்கு லத்தீனில் ‘இன்சுலா’. அங்கிருந்துதான் இன்சுலின். வேடிக்கை என்னவென்றால் பொருள் கையில் கிடைப்பதற்கு முன்பே பெயர் தயாராகிவிட்டது. அப்படி ஒன்று அங்கே சுரக்க வேண்டும் என்று ஊகித்து, 1909இல் பெல்ஜியத்தின் டி மேயரும், 1916இல் பிரிட்டனின் ஷார்ப்பி ஷேஃபரும் தனித்தனியாக அதே பெயரைச் சொல்லிவிட்டார்கள். 1921இல் கனடாவின் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அதை உண்மையிலேயே பிரித்தெடுத்தபோது முதலில் ‘ஐலெட்டின்’ என்று அழைத்தார்கள். அதுவும் தீவுதான், ஆங்கிலத் தீவு. பேராசிரியர் மெக்லியோட் சொன்ன பிறகு லத்தீன் பெயருக்கு மாறினார்கள்.

1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி. அவன் எடை அப்போது சுமார் 29 கிலோ. மருந்து சுத்தமாக இல்லை, சர்க்கரை கொஞ்சம்தான் குறைந்தது, ஊசி போட்ட இடத்தில் சீழ் கோத்தது. காலிப் என்ற வேதியியலாளர் இரவும் பகலும் உட்கார்ந்து சுத்தப்படுத்திய சாற்றை ஜனவரி 23இல் போட்டார்கள். ரத்தச் சர்க்கரை 520இலிருந்து 120க்கு இறங்கியது. சைஃபன் நின்றது.

டைப் 1, டைப் 2 என்ற பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு ‘இளம்பருவ நீரிழிவு’, ‘இன்சுலினைச் சார்ந்த நீரிழிவு’ என்றெல்லாம் சொல்லிவந்தார்கள். 40 வயதிலும் டைப் 1 வருகிறது, டைப் 2 உள்ளவருக்கும் ஒரு கட்டத்தில் இன்சுலின் தேவைப்படுகிறது என்பதால் அந்தப் பெயர்கள் குழப்பின. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அவற்றைக் கைவிட்டு வெறும் எண்களை வைத்துக்கொண்டது. எண்களுக்குப் பொருள் கிடையாது, அதனால் பொய்யும் சொல்லாது. டைப் 1இல் தீவுச் செல்களை உடம்பின் எதிர்ப்பு அமைப்பே அழித்துவிடுகிறது. டைப் 2இல் இன்சுலின் இருக்கும், உடம்பு அதற்குச் சரியாகச் செவிசாய்க்காது, நாளடைவில் சுரப்பும் குறையும்.

பேச்சு வழக்கில் வென்றது என்னவோ ‘சுகர்’தான். ‘சர்க்கரை நோய்’ என்ற பெயரால் வந்த ஒரு நம்பிக்கை, சர்க்கரை தின்றால் வரும் நோய் என்பது. இனிப்பைத் தொடாமலே டைப் 1 வரும், அதற்கும் சாப்பிட்டதற்கும் தொடர்பில்லை. டைப் 2இல் அதிக எடை, அசைவில்லாத வாழ்க்கை, பரம்பரை எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. சர்க்கரைப் பானங்களுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் அவை மட்டுமே காரணம் இல்லை. இன்னொரு நம்பிக்கை இதைவிடச் சங்கடமானது: சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் நோய் முற்றிவிட்டது என்பது.

ஆப்பிள் மரத்தின் பட்டையில் ஃப்ளோரிஸின் என்று ஒரு பொருள் இருக்கிறது. 1835இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1886இல், நாயின் கணையத்தை எடுப்பதற்கு மூன்று வருடம் முன்பு, அதே ஃபான் மெரிங் இதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரில் சர்க்கரை போகிறது என்று கண்டார். சிறுநீரகக் குழாயில் குளுக்கோஸைத் திரும்ப எடுக்கும் வேலையை அது தடுத்துவிடுகிறது. நூறு வருடத்துக்கு மேல் அது ஆய்வுக்கூடத்தோடு நின்றது. பிறகு அதன் வழியிலேயே டாபாக்லிஃப்ளோஸின், எம்பாக்லிஃப்ளோஸின் என்ற மாத்திரைகள் வந்தன. ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரையை வேண்டுமென்றே சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான் இவற்றின் வேலை. நோயின் அடையாளமாக இரண்டாயிரம் வருடம் இருந்ததே இப்போது சிகிச்சையாகிவிட்டது.

அதனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை மிக அதிகம் என்று வந்தால் பதற வேண்டியதில்லை, மருந்து வேலை செய்கிறது என்று பொருள். ரத்தப் பரிசோதனையைத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பாதையருகே பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம், அது தெரிந்த பக்கவிளைவு, மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். வாந்தியோ காய்ச்சலோ வந்து சாப்பாடு இறங்காத நாட்களில் இதைத் தொடரலாமா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். இதய பலவீனத்துக்கும் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கும் இவை நன்மை செய்கின்றன என்று தெரிந்தபின், நீரிழிவே இல்லாதவர்களுக்கும் எழுதிக்கொடுக்கிறார்கள். அவர்களுடைய ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், சிறுநீரில் எறும்பு மொய்க்கும்.